ரோஸ் தாளின் பின்பக்கம்

ஃபார்கோ, வடக்கு டகோட்டா
11 ஜனவரி 1998

அன்புள்ள வெல்கோ அண்ணாவுக்கு,

இருமல் போய்விட்டது. விரல்கள் பத்தும் இருக்கின்றன. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தெட்டு. இந்த ஊரில் ஜனவரி மாதத்து ஆரோக்கியம் என்றால் இவ்வளவுதான். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? என் பெண் இலினா சாப்பிடுகிறாளா, அல்லது உடை பொருந்த வேண்டும் என்று பட்டினி கிடக்கிறாளா?

அவளுடைய பள்ளி முடிப்பு விருந்து மே 22 என்று எழுதியிருந்தாய். வருகிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்து நான்கு மாதமாகிறது. எப்படி வருவது என்று நேற்றுத்தான் விசாரித்தேன்.

நான் இங்கே வந்து பதினாறு மாதம். வருகை ஆய்வாளர்களுக்கான பரிமாற்ற விசா. இருக்க அனுமதி மூன்று வருடம். ஆனால் பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசா ஒரே ஒரு முறை நுழைய மட்டும். அதுவும் முதல் மூன்று மாதத்தோடு காலாவதி. உள்ளே இருக்கும்வரை நான் சட்டப்படி இருப்பவள். வாசலைத் தாண்டிவிட்டால் திரும்பி வர இரண்டு விஷயம் வேண்டும். என்னிடம் ஒரு ரோஸ் நிறத் தாள் இருக்கிறது. அதன் பின்பக்கம் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு அலுவலர் கையெழுத்திட வேண்டும். பிறகு அதைக் காட்டி சோபியா நகரின் அமெரிக்கத் தூதரகத்தில் புது விசா வாங்க வேண்டும்.

பொறுப்பு அலுவலர் திருமதி தோர்வால்ட், அறுபது வயது, மேசையில் மிட்டாய்க் கிண்ணம் வைத்திருப்பவர்.

“ஊருக்குப் போகலாமா?” என்று கேட்டேன்.

“தாராளமா போங்க. போறது உங்க இஷ்டம்.”

“திரும்பி வர்றது?”

“அது அவங்க இஷ்டம்மா. மிட்டாய் எடுத்துக்கோங்க.”

என் பயம் உனக்குத் தெரிய வேண்டும். ஆகஸ்டில் நம் வயல்களைத் தலைகவிழ வைக்கும் அந்தத் தண்டழுகல் நோய் இங்கேயும் இருக்கிறது. அதைத் தாங்கும் பதினேழு சூரியகாந்தி ரகங்களைப் போன வருடம் பிரித்தெடுத்தேன். இந்த வருடம் இரண்டாவது விதைப்பு. அது இல்லாமல் முதல் வருடத்துக்கு மதிப்பில்லை. பேராசிரியர் ஹால்வர்சன் தெளிவாகச் சொல்லிவிட்டார்: “ஜூன் பன்னண்டுக்குள்ள விதை மண்ணுல இருக்கணும். இல்லாட்டி நெலத்த பீட்ரூட் ஆளுக்குக் குடுத்துடுவேன். மனசுல வெச்சுக்காதீங்க.”

ரோஸ் தாளின் நகல் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். அசல் தொலைந்தால் உதவும். பத்திரமாக வை.

இலினாவின் நெற்றியில் எனக்காக ஒரு முத்தம்.
நெவேனா


கமென்னோ
20 பிப்ரவரி 1998

அன்புத் தங்கை நெவேனாவுக்கு,

முழங்கால் மழைக்கு முந்தின நாள் வலிக்கிறது, வானொலியைவிட நம்பகமானது. இலினா நலம். அவளுக்குச் சிவப்பு உடைதான் வேண்டுமாம். மூன்று கடைகளில் மூன்று சிவப்பைப் பார்த்தோம், மூன்றும் வேறு சிவப்பாம். நீ வருவதைப் பற்றிக் கேட்டேன். “வந்தா வரட்டும், வராட்டி போகட்டும்” என்றாள். பிறகு அவள் அறைக் கதவு சாத்தப்பட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் எழுந்துகொண்டது.

நகல் வந்து சேர்ந்தது. முன்பக்கம் பார்த்தேன், பின்பக்கம் பார்த்தேன். வெளிச்சத்தில் தூக்கியும் பார்த்தேன். சீல் எங்கே?

நெவேனா, நான் இந்த நகராட்சியில் இருபத்திரண்டு வருடமாகச் செயலாளர். ஐந்து மேயர்கள் மாறினார்கள். ஆட்சிமுறையே மாறியது. சீலில் சிங்கத்தின் தலைமேல் இருந்த நட்சத்திரத்தை எடுத்துவிட்டுக் கிரீடம் வைத்தார்கள். இரும்புப் பெட்டி மட்டும் அதே பெட்டி. அதன் சாவி என் கழுத்தில் அதே சங்கிலியில். போன வாரம் பால்பண்ணை கோலெவ் இறந்துபோனார். அவர் மனைவி இறப்புச் சான்றிதழை வாங்கி, சீலைத் தடவிப் பார்த்துவிட்டு, அதன் பிறகுதான் அழ ஆரம்பித்தாள். நியாயம்தான். அதுவரை அது வெறும் வதந்தி.

வட்டச் சீல் இல்லாத தாள் ஒரு கடிதம். கடிதத்தைக் காட்டி யாரும் எல்லை தாண்டியதில்லை. உன் பொறுப்பு அலுவலர் நல்ல பெண்மணியாக இருக்கலாம். கையெழுத்தை யார் வேண்டுமானாலும் போடலாமே? சீல் வைக்கச் சொல். பாதி கையெழுத்தின் மேல், பாதி வெறும் தாளில் விழ வேண்டும். அதுதான் முறை.

மார்ச் ஒன்றுக்குச் சிவப்பு வெள்ளை நூல் வைத்திருக்கிறேன். இலினா முறுக்கியது. நாரையையோ பூத்த மரத்தையோ பார்க்கும்வரை கையில் இருக்கட்டும்.

குளிரில் தலைக்கு ஏதாவது போட்டுக்கொள்.
உன் அண்ணன் வெல்கோ


ஃபார்கோ
15 மார்ச் 1998

அன்புள்ள அண்ணா,

உடம்பு சரியாக இருக்கிறது, மனசைப் பற்றிக் கேட்காதே. நூல் கையில் இருக்கிறது. இங்கே நாரை கிடையாது, மரங்கள் மே மாதம்வரை குச்சிகள். அது அழுக்காகிக்கொண்டே இருக்கும்.

கையெழுத்து வாங்கிவிட்டேன். உனக்காகக் கேட்டும் பார்த்தேன்.

“சீல் வைக்க மாட்டீங்களா?”

“சீலா?” தோர்வால்ட் இழுப்பறையைத் திறந்து தேடினார். சிரிக்கும் முகம் போட்ட ரப்பர் ஸ்டாம்பு ஒன்று கிடைத்தது. “பேரப் பசங்க வீட்டுப்பாடத்துக்கு வெக்கிறது. வேணுமா?”

வேண்டாம் என்றேன். விதை கம்பெனி இலவசமாகக் கொடுத்த நீல மைப் பேனாவால் பின்பக்கம் கையெழுத்திட்டு, தேதி எழுதி, ஊதிக்கூடப் பார்க்காமல் கொடுத்துவிட்டார். ஒரு வருடத்துக்குச் செல்லும். இந்த நாடு முழுவதும் இப்படித்தான் நடக்கிறது, ஆனாலும் பாலங்கள் நிற்கின்றன.

டாக்டர் பெரால்தாவைப் பற்றி உனக்கு எழுதியதில்லை. அர்ஜென்டினாக்காரர், கால்நடை மருத்துவர், எங்கள் மாடியில்தான் இருந்தார். அக்டோபரில் தங்கை கல்யாணத்துக்கு இரண்டு வாரம் போனார். அங்கே ஏதோ ஒரு தாளைக் கேட்டிருக்கிறார்கள். அவருடைய காபிக் கோப்பை இன்னும் சமையல் மேடை ஓரத்தில் இருக்கிறது. யாரும் கழுவுவதில்லை. கழுவினால் அவர் வரமாட்டார் என்று முடிவாகிவிடுமே. உள்ளே இப்போது பச்சையாக ஏதோ வளர்கிறது. தாவர நோய் ஆய்வாளர்கள் ஆறு பேர் தினமும் அதைக் கடந்து போகிறோம்.

ஆனாலும் வருகிறேன். மே 15 வந்து சேர்வேன். 26 அன்று தூதரகத்தில் நேர்காணல். ஜூன் 10 திரும்பும் விமானம். 12 விதைப்பு.

இலினாவிடம் சிவப்பு எந்தச் சிவப்பு என்று கேட்டு எழுது.
நெவேனா


கமென்னோ
8 ஏப்ரல் 1998

அன்புத் தங்கைக்கு,

எல்லோரும் சுகம். நாரைகள் இரண்டு மின்கம்பத்தில் உட்கார்ந்திருக்கின்றன. நான் என் நூலை அவிழ்த்துவிட்டேன், உனக்காகவும் ஒரு முறை பார்த்துக்கொண்டேன்.

சிரிக்கும் முகம் பற்றி நீ எழுதியதை நான் யாரிடமும் சொல்லவில்லை. உன் மரியாதையை நினைத்து. ஆனால் உன் பிரச்சினையைப் பெயர் சொல்லாமல் மூன்று பேரிடம் வைத்தேன். நோட்டரி தலையைப் பிடித்துக்கொண்டார். ரயில் நிலைய அதிகாரி, “சீல் இல்லாம அடுத்த ஸ்டேஷனக்கூடத் தாண்ட மாட்டா” என்றார். மேயர் காஞ்செவ் என் பள்ளித் தோழன், உனக்குத் தெரியும். “உன் தங்கச்சியத்தானே சொல்ற?” என்று கேட்டுவிட்டு, “பேனாவால எழுதினத நம்பி மூணு கடல் தாண்டறாளா? பெரிய மனுஷிதான்” என்றான்.

நான் தூங்கிக்கொண்டுதான் இருக்கிறேன், பாதி இரவு. நீ முதலில் வந்து சேர். இங்கே வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ரத்தச் சிவப்பு இல்லையாம், செங்கல் சிவப்பு இல்லையாம். மற்ற எல்லாச் சிவப்பும் சரியாம்.

அன்புடன்,
வெல்கோ


ஃபார்கோ
4 மே 1998

அண்ணா,

நலம். அவசரமாக எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை நான் முந்திவிடுவேனோ என்னவோ.

“பார்த்துக்கொள்ளலாம்” என்று எழுதியிருந்தாய். நீ எதையும் பார்த்துக்கொள்ள வேண்டாம். தாள் சரியாக இருக்கிறது. என்னைப் பார், விருந்தைப் பார், என்னோடு உட்கார்ந்து ஷோப்ஸ்கா சாலட் சாப்பிடு. அவ்வளவு போதும்.

சிவப்பில் ஒன்பது துணி மாதிரிகள் கொண்டுவருகிறேன்.
நெ.


சோபியா, தோழி ஜேனாவின் வீடு
27 மே 1998

அன்புள்ள அண்ணா,

சுகமாக வந்து சேர்ந்தேன். நீ கட்டிக் கொடுத்த பனீட்சா பலகாரம் ரயிலிலேயே தீர்ந்தது. இலினா விருந்தில் ஆடியதை நினைத்துக்கொண்டே தூங்கினேன். அந்தச் சிவப்பில் அவள் என் மகளாகவே தெரியவில்லை, யாரோ பெரிய வீட்டுப் பெண் போல இருந்தாள். நான் அழுததை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்திருந்தேன், புகைப்படக்காரர் பார்த்திருக்கிறார்.

நேற்று தூதரகம். உன்னிடம் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். நம் ஊர் இணைப்பகத்தில் சீஜ்கா காதை வைத்துக்கொண்டிருக்கும்போது சொல்லத்தக்க விஷயமில்லை.

கண்ணாடிக்குப் பின்னால் இளைஞர், நல்ல மாதிரி. முன்பக்கம் எல்லாம் சரி என்றார். ரோஸ் தாளைத் திருப்பினார்.

“இது என்னங்க?”

“எது?”

“இந்தச் சிங்கம்.”

தாளைக் கண்ணாடியில் ஒட்டிக் காட்டினார். திருமதி தோர்வால்டின் கையெழுத்து மேல் ஊதா நிறத்தில் ஒரு வட்டச் சீல். நடுவில் கிரீடம் வைத்த சிங்கம். சுற்றிலும் நம் எழுத்துகள். ஊர்ப் பெயர் விழ வேண்டிய இடத்தில் நீல மை கரைந்து கலந்திருந்ததால் படிக்க முடியவில்லை. மிக நேர்த்தியாக வைக்கப்பட்ட சீல், அண்ணா. பாதி கையெழுத்தின் மேல், பாதி வெறும் தாளில்.

“இது எங்கேர்ந்து வந்துச்சு?”

“தெரியாதுங்க.”

“உங்க பையில இருந்த தாள். உங்க நாட்டுச் சிங்கம். உங்களுக்குத் தெரியாது.”

“தெரியாது.”

அவர் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். “திருத்தின தாள வெச்சு நான் விசா குடுக்க முடியாதுங்க. ரெண்டு விஷயம் வேணும். பல்கலைக்கழகத்துல இருந்து புதுத் தாள். அப்புறம் இத யார் வெச்சாங்க, எதுக்கு வெச்சாங்கன்னு வெச்சவங்க எழுத்துல. ரெண்டும் வரட்டும், பாக்கலாம்” என்றார். பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பல்கலைக்கழகத்துக்கு ஃபேக்ஸ் அனுப்பியிருக்கிறேன். இரண்டாவதற்கு யாருக்கு அனுப்புவது என்று தெரியவில்லை. நகராட்சி சீலை அதிகாரமில்லாமல் பயன்படுத்துவது இந்த நாட்டில் என்ன குற்றம் என்று ஜேனாவின் கணவர், வக்கீல், சொன்னார். கேட்டதற்கு வருத்தப்பட்டேன்.

உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது. முழங்காலுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொள்.
நெவேனா


கமென்னோ
30 மே 1998

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே நலம். செர்ரி பழுத்துவிட்டது. பறவைகளுக்கு முன்னால் நாம் பறிக்க வேண்டும் என்று இலினாவிடம் தினமும் சொல்கிறேன். அவள் தினமும் தலையாட்டுகிறாள், பறவைகள் சாப்பிடுகின்றன. விருந்துப் படங்கள் வந்துவிட்டன. உன் படம் கொஞ்சம் மங்கல்.

தூதரகத்தில் நடந்தது படித்தேன். வருத்தமான விஷயம். அந்த இளைஞர் அனுபவம் இல்லாதவர் போலிருக்கிறது. அவர்களுடைய அலுவலகத்திலேயே எங்காவது தவறுதலாக விழுந்திருக்கலாம்; பெரிய அலுவலகங்களில் நடக்கும். ஒரு தாளில் சீல் அதிகமாக இருந்ததால் அது கெட்டுப்போனது என்று என் இருபத்திரண்டு வருடத்தில் நான் கேள்விப்பட்டதில்லை. பொதுவாகச் சொல்கிறேன்.

நகராட்சியில் தணிக்கை வருகிறது. வேலை அதிகம். அடுத்த கடிதம் தாமதமானால் கவலைப்படாதே.

வெல்கோ


கமென்னோ
1 ஜூன் 1998

அம்மா,

நான் நல்லா இருக்கேன் என்று எழுத வேண்டும், அதனால் எழுதிவிட்டேன். இல்லை.

மாமா இரண்டு நாளாகச் சாப்பிடுவதில்லை. உன் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டுச் செர்ரி மரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் எடுத்துப் படித்தேன். மன்னித்துவிடு.

மாமாதான் வைத்தார். மே 24, ஞாயிற்றுக்கிழமை, மதியம். நீ சூரியகாந்தி வயலுக்குப் போயிருந்தாய். வந்த ஒன்பது நாளில் ஆறு நாள் வயலுக்குப் போனாய், எண்ணி வைத்திருக்கிறேன். மாமா சட்டைக்குள்ளிருந்து கைக்குட்டையில் சுற்றிய சீலை எடுத்தார். அது அலுவலகத்தை விட்டு வெளியே வந்து நான் பார்த்ததே இல்லை. உன் பையிலிருந்து தாளை எடுத்து மேசையில் விரித்தார்.

“மாமா, அம்மா வேணாம்னு சொன்னாங்களே” என்றேன்.

“உங்க அம்மாவுக்குச் செடியத் தெரியும். தாள எனக்குத் தெரியும். எல்லையில எவனாவது ‘சீல் எங்க?’ன்னு கேட்டா அவ என்னடி பண்ணுவா? யார் இருக்கா அங்க அவளுக்கு?”

வைத்தார். மை காய வேண்டும் என்று என்னை ஊதச் சொன்னார். ஊதினேன்.

இதையும் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தெரிந்திருந்தது, அம்மா. அந்தத் தாளில் எதையும் தொடக்கூடாது என்று நீ வந்த அன்றைக்கே என்னிடம் சொல்லியிருந்தாய். நான் கத்தியிருக்கலாம். தாளைப் பிடுங்கியிருக்கலாம். இது கெட்டுப்போனால் நீ போக முடியாது என்று நினைத்தேன். அதனால் மெதுவாக, நன்றாகக் காயும்வரை ஊதினேன்.

மாமாவிடம் இதைச் சொல்லாதே. நான் எழுதினேன் என்றும் சொல்லாதே.

இலினா


சோபியா
3 ஜூன் 1998

அன்புள்ள அண்ணா,

உடம்புக்கு ஒன்றுமில்லை. ஜேனா என்னைக் கொழுக்க வைக்கிறாள். செர்ரி போனால் போகட்டும், பறவைகளும் சாப்பிட வேண்டாமா?

திருமதி தோர்வால்ட் புதுத் தாளை விரைவுத் தபாலில் அனுப்பிவிட்டாராம், வெள்ளிக்கிழமை வந்துவிடும். ஃபேக்ஸில் ஒரு வரி: “நான் முப்பது வருஷமா கையெழுத்து போடறேன். என் கையெழுத்து மேல ராஜ மரியாதையோட சிங்கம் உக்காந்தது இதான் முதல் தடவை.” கோபம் என்று தெரியவில்லை.

இன்னொரு தாள்தான் இல்லை. எட்டாம் தேதி திங்கட்கிழமை எனக்கு மறுபடி நேரம் கொடுத்திருக்கிறார்கள். அன்றைக்கு இல்லையென்றால் பத்தாம் தேதி விமானம் இல்லை, பன்னிரண்டாம் தேதி விதைப்பு இல்லை. பதினேழு ரகங்களின் விதையும் ஹால்வர்சனின் குளிர்பெட்டியில் பெயர் எழுதிய உறைகளில் இருக்கும், பெரால்தாவின் கோப்பை மாதிரி.

நானே வைத்தேன் என்று எழுதிக் கொடுத்துவிடலாம் என்று ஜேனா சொல்கிறாள். கொடுத்தால் இந்த வருடம் மட்டுமல்ல, இனி எந்த வருடமும் எனக்கு அந்த வாசல் இல்லை. சில காலைகளில் அது அவ்வளவு மோசமாகத் தோன்றவில்லை. வேறு சில காலைகளில் அந்த உறைகள் ஞாபகம் வருகின்றன.

உன்னிடம் நான் எதையும் கேட்கவில்லை. உன் ஓய்வுக்கு இன்னும் பதினாலு மாதம் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். நேர்காணலுக்கு முன்னால் எழுத வேண்டிய கடைசிக் கடிதம் இது என்பதால் எழுதுகிறேன்.

சாப்பிடு, அண்ணா.
நெவேனா


கமென்னோ
6 ஜூன் 1998

அன்புத் தங்கை நெவேனாவுக்கு,

முழங்கால் வலிக்கவில்லை. இது உண்மை. போன கடிதத்தில் எழுதியது முழுவதும் உண்மை அல்ல.

நான் சாப்பிடவில்லை என்று உனக்கு யார் சொன்னது என்று கேட்கமாட்டேன்.

நேற்று காலை எட்டு மணிக்கு ஒரு விளக்கம் எழுதிக் காஞ்செவின் மேசையில் வைத்தேன். இரண்டு முறை படித்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மூன்றாவது முறையும் படித்தான்.

“வெல்கோ, இத நான் பாக்கல. நீயும் எழுதல. கிழிச்சுப் போட்டுட்டு போய் ஒரு காபி குடிடா.”

“கிழிச்சா அவ போக முடியாது.”

“போகாட்டி என்ன? இங்க சூரியகாந்தி இல்லையா? அவ பொண்ணு இல்லையா?”

“அத அவ முடிவு பண்ணட்டும். என் சீல் முடிவு பண்ணக்கூடாது.”

காஞ்செவ் தாளை மடித்து வைத்தான். “இத மேல அனுப்பித்தான் ஆகணும், தெரியுமில்ல? தணிக்கை வேற வருது. உன்ன வெச்சுக்க முடியாதுடா.”

“தெரியும். இதுக்கு ஒரு சீல் வை.”

“எதுக்கு?”

“இந்த விளக்கத்துக்கு. தூதரகத்துக்குப் போற தாள்.”

அவன் சிரித்தான், பிறகு அவனுக்கே வெட்கமாகிவிட்டது. “சீலத் தப்பா வெச்சேன்னு எழுதின தாளுக்குச் சீல் கேக்கறியா? உலகத்துலயே நீ ஒருத்தன்தான்டா. சாவியக் குடு.”

கொடுத்தேன். சங்கிலி இருந்த இடத்தில் கழுத்தைச் சுற்றி வெள்ளையாக ஒரு கோடு இருக்கிறது. வெயிலில் நின்றால் போய்விடும் என்கிறாள் இலினா.

அதனால், நெவேனா, உள்ளே இருக்கும் தாளில் சீல் இல்லை. மேலே நகராட்சித் தலைப்பும் இல்லை. அதைப் பயன்படுத்தும் உரிமையும் போய்விட்டது. இலினாவின் நோட்டுப் புத்தகத்துத் தாள். மே 24 அன்று கமென்னோ நகராட்சியின் முத்திரையை எந்த அதிகாரமும் இல்லாமல் நான் வைத்தேன், என் தங்கைக்குத் தெரியாது, தாளைப் பலப்படுத்துவதாக நினைத்தேன், தவறு என்னுடையது என்று எழுதியிருக்கிறேன். கீழே என் பெயர். வெறும் கையெழுத்து. என் வாழ்நாளில் இப்படி ஒரு தாளை நான் வெளியே அனுப்பியதில்லை. மூன்று முறை போட்டுப் பழகிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் கீழே காலியாக இருந்த இடம் கண்ணை உறுத்தியது.

தபாலை நம்பாமல் சோபியா பேருந்து ஓட்டுநர் தின்கோவிடம் கொடுக்கிறேன். செல்லுமா என்று எனக்குத் தெரியவில்லை. நான் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தால் ஏற்கமாட்டேன்.

நலமாகப் போய்ச் சேர். போவதாக இருந்தால்.
உன் அண்ணன்
வெல்கோ கரஸ்தொயானோவ்


ஃபார்கோ
14 ஜூன் 1998

அன்புள்ள அண்ணா,

நான் சுகம். முதுகு மட்டும் இல்லை. அது விதைத்த முதுகு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குப் பதினேழாவது ரகமும் மண்ணுக்குள் போனது. பீட்ரூட்காரர் வேலி ஓரம் நின்று கடைசிவரை பார்த்தார். நல்ல மனிதர். கையசைத்துவிட்டுத்தான் போனார்.

திங்கட்கிழமை அதே இளைஞர்தான். தோர்வால்டின் புதுத் தாளைத் திருப்பிப் பார்த்தார், மறுபடியும் திருப்பிப் பார்த்தார். சிங்கம் இல்லை. பிறகு உன் தாள். தன்னோடு வேலை செய்யும் நம் நாட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு மொழிபெயர்க்கச் சொன்னார். அவள் படிக்கப் படிக்க நான் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். “தாளைப் பலப்படுத்துவதாக நினைத்தேன்” என்ற இடத்தில் அந்தப் பெண் கொஞ்சம் நின்றாள்.

“இவர் யாரு?”

“அண்ணன்.”

“அன்னைக்குத் தெரியாதுன்னு சொன்னீங்க.”

“சொன்னேன்.”

அவர் என்னைப் பார்த்தார். அந்த நேரத்தை நான் விதைப்பு வரிசை மாதிரி அடி அடியாக நினைவு வைத்திருக்கிறேன்.

“இதுக்கு இவர் வேலை போயிருக்குமே?”

“போயிடுச்சு.”

“இது இவர் கையெழுத்துதானா?”

“ஆமா.”

“அப்ப போதும்” என்றார். அடுத்த நாள் வந்து பாஸ்போர்ட்டை வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

உன் தாளை அவர்கள் கோப்பில் வைத்துக்கொண்டார்கள். வைப்பதற்கு முன்னால் அந்தப் பெண் அதன் ஓரத்தில் ‘பெறப்பட்டது’ என்று ஒரு சீல் வைத்தாள். உனக்குச் சொல்ல வேண்டும் என்று உற்றுப் பார்த்தேன். சதுரம்.

இங்கே வந்து பார்த்தால், பெரால்தாவின் கோப்பைக்குப் பக்கத்தில் என் கோப்பையையும் வைத்திருக்கிறார்கள். கழுவாமல். நான் இரண்டையும் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

உனக்காக நான் என்ன எழுத முடியும் என்று மூன்று நாளாக யோசிக்கிறேன். நன்றி என்று எழுதினால் நீ அதில் சீலைத் தேடுவாய். அதனால் எழுதவில்லை.

அடுத்த முறை வரும்போது என் பையைப் பூட்டி வைப்பேன், தப்பாக நினைக்காதே. சாவியை உன்னிடம் கொடுக்கமாட்டேன். இலினாவிடம் கொடுப்பேன். அவள் திறக்கட்டும், திறக்காமல் இருக்கட்டும், குளத்தில் வீசட்டும். நான் போவதா வேண்டாமா என்று அவளிடம் நான் ஒரு முறையும் கேட்டதில்லை. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று அவளிடம் கேட்காதே. இந்தக் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டுச் செர்ரி மரத்தைப் பார்க்கப் போ, அது போதும்.

இருவரும் சாப்பிடுங்கள்.
நெவேனா